ஜெனரேட்டர் எர்த் ஃபால்ட்ல ட்ரிப் ஆச்சுன்னா எங்க இருந்து தேட ஆரம்பிக்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர் பிளான்ட்ல ரிலே பக்கம் புதுசா வந்து சேர்ற பசங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்க இது, அதனால ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். கணக்குக்கு 15.75 கேவி, 210 மெகாவாட் செட்டை எடுத்துக்கறேன், தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னைன்னு நம்ம பக்கம் பழகின சைஸ் அது. ஜெனரேட்டர் நியூட்ரலை பூமியோட சேர்க்கறதை நியூட்ரல் கிரவுண்டிங் டிரான்ஸ்ஃபார்மர்னு ஒவ்வொரு தடவையும் எழுத கை வலிக்கும், என்ஜிடின்னே சொல்றேன்.

59என் (நியூட்ரல் வோல்டேஜ் ஏறினா அடிக்கற எர்த் ஃபால்ட் ரிலே) வந்து யூனிட் ட்ரிப் ஆயிடுச்சு. ஸ்டேட்டர் போச்சா?

பத்து பேர் கேட்டா பத்து பேரும் முதல்ல இதைத்தான் கேக்கறாங்க. ரிலேல "ஸ்டேட்டர் எர்த் ஃபால்ட்"னு பேர் எழுதியிருக்கறதால வர்ற வினை இது. அந்த ரிலே பாக்கறது ஸ்டேட்டரை மட்டும் இல்ல. ஜெனரேட்டர் வைண்டிங், அதுல இருந்து வெளிய போற பஸ் டக்ட், ஜிடியோட (ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மர்) எல்வி, அதாவது லோ வோல்டேஜ் வைண்டிங், யுஏடியோட (பிளான்ட்டோட சொந்தத் தேவைக்கான யூனிட் ஆக்ஸிலரி டிரான்ஸ்ஃபார்மர்) ஹெச்வி, அதாவது ஹை வோல்டேஜ் வைண்டிங், எக்சைட்டேஷன் டிரான்ஸ்ஃபார்மர், பிடி (வோல்டேஜ் அளக்கற பொட்டென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மர்), சர்ஜ் கெப்பாசிட்டர், லைட்னிங் அரெஸ்டர், இது எல்லாமே எலக்ட்ரிக்கலா ஒரே கம்பி. ஜிடி எல்வி டெல்டாங்கறதால எல்லை அங்க முடியுது. இந்த எல்லைக்குள்ள எங்க பூமியைத் தொட்டாலும் ரிலே ஒரே மாதிரிதான் கத்தும். நீங்க ஸ்டேட்டர்னு முடிவு கட்டிட்டா மெஷினைக் குளிர வைக்கற ஹைட்ரஜனை எடுத்து, கார்பன் டை ஆக்சைடு போட்டு பர்ஜ் பண்ணி, அப்புறம் காத்து நிரப்பி, எண்ட் கவர் கழட்டின்னு நாள் கணக்குல போயிடும், கடைசில பார்த்தா பிடி க்யூபிக்கிள்ல ஒரு பல்லி கருகிக் கிடக்கும்.

ஃபால்ட் கரண்ட் 8, 10 ஆம்ப்ஸ்தானே வரும்? அதுக்குப் போய் ஏன் 210 மெகாவாட்டை அடிக்கணும்?

10 ஆம்ப்ஸ்க்குள்ள இருக்கட்டும்னுதான் என்ஜிடியே போடறாங்க, கோர் உருகக் கூடாதுன்னு. அதுல சந்தேகமில்ல. ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, பிரேக்கரும் ஃபீல்டு பிரேக்கரும் (ரோட்டாருக்குப் போற டிசியை அறுக்கறது) திறந்த உடனே ஃபால்ட் கரண்ட் நின்னு போகாது, ரோட்டார் சுத்திக்கிட்டே இருக்கு, அதுல இருக்கற ஃப்ளக்ஸ் சாக சில செகண்ட் ஆகும், அது வரைக்கும் ஃபால்ட் எடுத்துக்கிட்டேதான் இருக்கும். ரெண்டாவதுதான் பெரிய பயம். ஒரு ஃபேஸ் பூமியைத் தொட்டா மத்த ரெண்டு ஃபேஸும் பூமிக்கு எதிரா லைன் வோல்டேஜ் வரைக்கும் ஏறும், அந்த நேரம் பார்த்து இன்னொரு ஃபேஸ்ல பலவீனமான இன்சுலேஷன் விட்டுக் குடுத்தா அது ஃபேஸ் டு ஃபேஸ் ஃபால்ட், அதுக்கு என்ஜிடி எல்லாம் கணக்கே இல்ல, ஆயிரக்கணக்குல ஆம்ப்ஸ் பாயும். அலாரத்துல மட்டும் போட்டுட்டு ஓட்டலாமான்னு கேக்கறவங்களுக்கு என் பதில் வேண்டாம்ங்கறதுதான்.

ட்ரிப் ஆன உடனே முதல்ல எதைப் பாக்கணும்?

மெக்கரைத் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளக்கற மீட்டர்) தூக்கிட்டு ஓடாதீங்க. ரிலே முன்னாடி உக்காந்து, ட்ரிப் நேரத்துல அது பதிஞ்சு வெச்ச டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டை எடுங்க. நாலு வோல்டேஜ் வேணும், மூணு ஃபேஸுக்கும் பூமிக்கும் நடுவுல உள்ளது, அப்புறம் என்ஜிடி செகண்டரில வந்தது.

நிஜ எர்த் ஃபால்ட்னா அடி வாங்கின ஃபேஸ் இறங்கும், மத்த ரெண்டும் ஏறும், என்ஜிடில வோல்டேஜ் வரும், ஆனா ஃபேஸுக்கு ஃபேஸ், அதாவது ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர் மூணும் பிடி செகண்டரில 110 வோல்ட்ல ஆடாம அசையாம நிக்கும். மெஷினுக்கு பூமி எங்க இருக்குன்னு கவலையே இல்ல பாருங்க, நியூட்ரல்தான் நகர்ந்திருக்கு.

பிடி ஃபியூஸ் போயிருந்தா கதை வேற. ஆர் ஃபேஸ் ஃபியூஸ் போச்சுன்னு வெச்சுக்கங்க, ஒய்-பி மட்டும் 110 இருக்கும், ஆர் சம்பந்தப்பட்ட ரெண்டும் கிட்டத்தட்ட 63.5க்கு விழும், ஓபன் டெல்டால (மூணு ஃபேஸ் வோல்டேஜையும் கூட்டிக் காட்டற பிடி செகண்டரி) 37 வோல்ட் பக்கம் காட்டும், ஆனா என்ஜிடில அந்த அளவுக்கு எதுவும் வராது. ஓபன் டெல்டா கத்துது, என்ஜிடி சும்மா இருக்குன்னா முதல்ல பிடி பக்கம் போங்க. ஓபன் டெல்டால இருந்து மட்டும் 59என் எடுத்திருக்கற பழைய ஸ்கீம்ல இந்தப் பொய் ட்ரிப் நிறைய நடக்கும், ஃபியூஸ் ஃபெயில் பிளாக்கிங் இருக்கான்னு பாருங்க.

இதுல ஒரு குழப்படி கேஸும் உண்டு. பிடி செகண்டரி ஒயர் எங்கயாவது டெர்மினல் பாக்ஸ்ல உரசி பூமியைத் தொட்டாலும், பிடி வழியா அது பிரைமரில எர்த் ஃபால்ட் மாதிரியே தெரியும், என்ஜிடியும் காட்டும். மெஷின் ஹை இம்பீடன்ஸ்ல எர்த் ஆகியிருக்கறதால வர்ற தொல்லை. அதனாலதான் சில இடங்கள்ல பிடி செகண்டரில நியூட்ரலை விட்டுட்டு ஒரு ஃபேஸை எர்த் பண்றாங்க.

என்ஜிடி வோல்டேஜை வெச்சு வைண்டிங்ல எந்த இடம்னு சொல்ல முடியுமா?

சொல்லலாம், ஆனா ஏமாறவும் ஏமாறலாம். என்ஜிடி ரேஷியோ 15750க்கு 240 வோல்ட்னு வெச்சுக்கங்க. டெர்மினல்ல நேரடியா பூமியைத் தொட்டா நியூட்ரல் 9.09 கேவி ஏறும், செகண்டரில 138.6 வோல்ட். நியூட்ரல்ல இருந்து வைண்டிங்ல எத்தனை சதவீதம் தள்ளி ஃபால்ட்டோ அத்தனை சதவீதம் வோல்டேஜ். ரிலே செட்டிங் 5 சதவீதம்னா ஏறக்குறைய 7 வோல்ட், அதனாலதான் 95 சதவீத புரொடெக்ஷன்னு பேரு, நியூட்ரலை ஒட்டின கடைசி 5 சதவீதம் இதுக்குக் கண்ணு தெரியாது. ரெக்கார்டுல 80 வோல்ட்னா 58 சதவீதத்துல ஃபால்ட், பிடி செகண்டரில சாதாரணமா 63.5 இருக்கற ஃபேஸ் வோல்டேஜ் ஆர் 27, ஒய் 88, பி 88னு வரணும். இது வரைக்கும் ட்ரெய்னிங்ல சொல்லித் தருவாங்க.

ஆனா இந்தக் கணக்கு ஃபால்ட்ல ரெசிஸ்டன்ஸ் பூஜ்ஜியம்னு நினைச்சுப் போடற கணக்கு. ஈரம் வழியா லீக் ஆனா டெர்மினல்லயே ஃபால்ட் இருந்தாலும் 138 வராது, 80 கூட வரலாம். எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கறதுன்னா மிச்ச ரெண்டு ஃபேஸைப் பாருங்க. ரெசிஸ்டன்ஸ் இல்லாத ஃபால்ட்ல ரெண்டும் சமமா ஏறும். ரெசிஸ்டன்ஸ் இருந்தா ஸ்டேட்டர் கெப்பாசிட்டன்ஸோட சேர்ந்து நியூட்ரல் வோல்டேஜ் கோணம் மாறிடும், ஒண்ணு அதிகமாவும் இன்னொண்ணு கம்மியாவும் ஏறும்.

நான் நேர்ல பார்த்த கேஸ். நவம்பர் மாசம், ரெண்டு நாளா விடாத மழை, விடியக்காலை யூனிட் 59என்ல போச்சு. ரெக்கார்டுல என்ஜிடி 83 வோல்ட், ஆர் 30, ஒய் 80, பி 96. 83ஐ 138.6ஆல வகுத்தா 60 சதவீதம், ஆக வைண்டிங் நடுவுலன்னு சொல்லி ஹைட்ரஜன் பர்ஜ் பண்ண ஆள் ரெடி ஆயிட்டாங்க. எம்ஆர்டில (மீட்டர், ரிலே டெஸ்டிங் பிரிவு) இருந்து வந்த ஒரு சீனியர் பேப்பரைப் பார்த்துட்டு "ஒய்யும் பியும் ஏன்யா சமமா இல்ல?"ன்னு மட்டும் கேட்டார். வைண்டிங் நடுவுலயும் ரெசிஸ்டன்ஸோட ஃபால்ட் வரலாம்தான், அதை அவரும் மறுக்கல, ஆனா அந்த 60 சதவீதத்தை இனி நம்ப முடியாதுன்னு ஆயிடுச்சு, அப்ப வெளிய இருக்கறதை முதல்ல பார்த்துடலாமேன்னார். அவர் சொன்னபடியே பார்த்தோம். என்ன கிடைச்சதுன்னு அடுத்த பதில்ல.

நிஜ ஃபால்ட்னு உறுதி ஆயிடுச்சு. எந்த வரிசையில தேடறது?

எல்சி (லைன் க்ளியர், வேலை பாக்கறதுக்கான அனுமதி) வாங்கி, பிரேக்கர் ஐசொலேட்டர் எல்லாம் திறந்து, ஃபீல்டு பிரேக்கர் வெளிய எடுத்து, ரோட்டார் பாரிங்ல (மெதுவா சுத்தற நிலை) வந்த பிறகு டிஸ்சார்ஜ் பண்ணிட்டுதான் கை வெக்கணும், இதை யாருக்கும் சொல்லத் தேவையில்லன்னு நினைக்கறேன், ஆனாலும் சொல்றேன்.

முதல்ல என்ஜிடி லிங்க்கைக் கழட்டுங்க. இதைக் கழட்டாம மெக்கர் போட்டு "பூஜ்ஜியம் காட்டுது சார்"னு ஓடி வந்தவங்க எத்தனையோ பேரு, என்ஜிடி பிரைமரி வழியா பூமிக்கு நேர் வழி இருக்கு, காட்டாம என்ன பண்ணும். அப்புறம் பிடி ட்ராலிங்களை வெளிய இழுங்க, சர்ஜ் கெப்பாசிட்டரையும் அரெஸ்டரையும் பிரிச்சு விடுங்க. இழுக்கறப்பவே உள்ள ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க, பாதி கேஸ் இங்கயே முடிஞ்சுடும்.

இப்ப மொத்தத்துக்கும் மெக்கர். கம்மியா வந்தா ஜெனரேட்டர் டெர்மினல்ல ஃப்ளெக்ஸிபிள் கழட்டி ரெண்டா பிரிக்கணும், ஜெனரேட்டர் ஒரு பக்கம், பஸ் டக்ட்டும் டிரான்ஸ்ஃபார்மருங்களும் ஒரு பக்கம். எந்தப் பக்கம் கெட்டதோ அதை மறுபடி பிரிங்க. ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும், ஜிடி எல்வி டெல்டா, அதைச் சேர்த்து வெச்சுக்கிட்டு ஆர்ல போட்டாலும் பில போட்டாலும் மூணு ஃபேஸும் சேர்ந்துதான் காட்டும், ஃபேஸ் தெரியணும்னா ஜிடி பக்க ஃப்ளெக்ஸிபிளும் கழண்டாகணும். ஜெனரேட்டர்லயும் அதே மாதிரி, ஸ்டார் பாயிண்ட் பிரிச்சாத்தான் ஃபேஸ் தனித்தனியா வரும்.

அந்த மழைக்காலத்து கேஸ்ல ஜெனரேட்டர் பக்கம் மெக்கர் அருமையா வந்துச்சு, பஸ் டக்ட் பக்கம் ஆர் ஃபேஸ் ஒரு மெகா ஓம் கூட இல்ல. டர்பைன் ஹால் சுவரைத் தாண்டி பஸ் டக்ட் ஜிடி யார்டுக்கு வெளிய போற இடத்துல ரப்பர் பெல்லோஸ் ஒண்ணு இருக்கும், அதோட கிளாம்ப் அடியில விரல் நகம் நுழையற அளவுக்கு ஒரு கிழிசல். இன்ஸ்பெக்ஷன் கவர் கழட்டினதும் அடித்தட்டுல தண்ணி தேங்கி நின்னுச்சு, சப்போர்ட் இன்சுலேட்டர்ல மேல இருந்து கீழ வரைக்கும் பென்சில்ல கோடு போட்ட மாதிரி ஒரு கருப்புத் தடம், தொட்டா பிசுபிசுன்னு உப்பும் தூசியும். கடலோர பிளான்ட்ல இந்த உப்புப் படிவு இல்லாத இன்சுலேட்டரே கிடையாது, காஞ்சு இருக்கற வரைக்கும் சாது, நனைஞ்சா போச்சு. இன்சுலேட்டரை மாத்தி, பெல்லோஸ் மாத்தி, ஹாட் ஏர் ப்ளோயர் போட்டு நாள் பூரா காய வெச்சோம். அந்த ப்ளோயர் ஏற்கெனவே ரிப்பேர்ல கிடந்ததுங்கறது தனிக்கதை.

மெக்கர் எவ்வளவு வந்தா நல்லதுன்னு எடுத்துக்கலாம்?

ஐஇஇஇ 43 ஸ்டாண்டர்டுபடி 12 கேவிக்கு மேல ரேட்டிங் உள்ள வைண்டிங்குக்கு 5ல இருந்து 10 கேவி டிசில போடணும். 1970க்கு அப்புறம் செஞ்ச ஃபார்ம் வவுண்டு (முன்னாடியே வடிவமா செஞ்ச காயில் போட்ட) மெஷினுக்கு 40 டிகிரில குறைஞ்சது 100 மெகா ஓம், பழைய மெஷினுக்கு கேவியோட ஒண்ணு கூட்டினா போதும், அதாவது 15.75க்கு 17 மெகா ஓம் பக்கம். போலரைசேஷன் இண்டெக்ஸ், அதாவது பத்து நிமிஷ ரீடிங்கை ஒரு நிமிஷ ரீடிங்கால வகுத்தா வர்றது, 2க்குக் குறையக் கூடாது. ஒரு நிமிஷ ரீடிங்கே 5000 மெகா ஓம் தாண்டிட்டா இண்டெக்ஸை வெச்சு முடிவு பண்ணாதீங்க. சூடா இருக்கற மெஷின்ல ரீடிங் கம்மியாத்தான் வரும், 10 டிகிரி ஏறினா ஏறக்குறைய பாதி ஆயிடும்னு தோராயமா வெச்சுக்கிட்டு 40க்கு மாத்திட்டு ஒப்பிடுங்க.

இதெல்லாம் ஜெனரேட்டர் வைண்டிங்குக்கு. என் அனுபவத்துல இந்த நம்பரை விட முக்கியம் மூணு ஃபேஸும் ஒண்ணுக்கொண்ணு எப்படி இருக்குங்கறது, அதோட போன ஓவர்ஹால்ல என்ன இருந்துச்சுங்கறதும். ரெண்டு ஃபேஸ் 2000, ஒண்ணு 150ன்னு வந்தா ஸ்டாண்டர்டு பாஸ், ஆனா எனக்குத் தூக்கம் வராது.

ஸ்டேட்டர் வாட்டர் கூல்டு. மெக்கர் கிலோ ஓம்ல காட்டுது, பயப்படணுமா?

ஹோஸ்ல தண்ணி நிக்கறப்ப தண்ணி வழியாத்தான் அளக்கறீங்க. தண்ணியை வடிச்சு, காத்து ஊதி, வேக்குவம் போட்டு காய வெச்சுட்டு அளக்கணும், இல்லன்னா தண்ணி வர்ற ஹெடரைத் தனியா பிரிச்சு கார்டு டெர்மினல்ல (அது வழியா போற கரண்ட்டை அளவுல சேர்க்காத முனை) சேர்த்து அளக்கற ஸ்பெஷல் மெக்கர் வேணும். கூடவே ஸ்டேட்டர் வாட்டர் கண்டக்டிவிட்டி ட்ரெண்டையும், வாட்டர் டேங்க்ல ஹைட்ரஜன் சேருதாங்கறதையும் பாருங்க. ஹைட்ரஜன் பிரஷர் தண்ணி பிரஷரை விட அதிகமா இருக்கறதால லீக் இருந்தா கேஸ்தான் முதல்ல தண்ணிக்குள்ள போகும்.

எல்லாம் பார்த்தாச்சு, மெக்கர் நல்லா இருக்கு, ஒண்ணும் கிடைக்கல. ரீசெட் பண்ணி சிங்க் பண்ணிடலாமா (கிரிட்டோட சேர்த்துடலாமா)?

லோடு டெஸ்பாட்ச்ல இருந்து போன் மேல போன் வரும், மேல இருந்து "ஒண்ணும் இல்லல்ல, எடுத்துடுங்க"ன்னு சொல்லுவாங்க. நேரா சிங்க் பண்ணாதீங்க. டிசில 5 கேவி தாங்கற இடம் ஏசில 9 கேவி தாங்கணும்னு இல்ல, ஆர்க் அடிச்சு அந்த இடம் தற்காலிகமா காஞ்சு போயிருக்கலாம், லூஸா கிடந்த ஏதோ ஒண்ணு வைப்ரேஷன் நின்னதும் விலகியிருக்கலாம்.

பழைய அலாரம் லிஸ்ட்டைத் தோண்டுங்க. 59என் பிக்கப் ஆகி ட்ரிப் ஆகறதுக்குள்ள ரீசெட் ஆன என்ட்ரி ரெண்டு மூணு நாள் முன்னாடி இருந்தே இருந்துச்சுன்னா அது விட்டு விட்டு அடிக்கற ஆர்க், பொய் ட்ரிப் இல்ல. அது எந்த நேரத்துல, மழையா, லோடு மாத்தினப்பவான்னு பொருத்திப் பாருங்க.

இன்ஸ்பெக்ஷன் திருப்தியா இருந்தா மட்டும் 3000 ஆர்பிஎம்ல வெச்சு, ஹெச்வி பிரேக்கர் திறந்தபடியே, எக்சைட்டேஷனை மேனுவல்ல போட்டு வோல்டேஜை 10 சதவீதம் 10 சதவீதமா ஏத்துங்க. 59என் சர்வீஸ்ல இருக்கணும், இந்த டெஸ்ட்டுக்கு மட்டும் டைம் டிலேயைக் குறைச்சு வைக்கறது நல்லது. ஒரு ஆள் என்ஜிடி செகண்டரில மீட்டரோட நிக்கட்டும். ஆரோக்கியமான மெஷின்ல 50 ஹெர்ட்ஸ் பகுதி ரொம்ப சின்னதா இருக்கும், வோல்டேஜோட சேர்ந்து சீரா ஏறும். எங்கயாவது ஒரு படில திடீர்னு துள்ளினா அங்கயே ஃபீல்டை அறுத்துட்டு மறுபடி தேட ஆரம்பிங்க.

யார்டுல 230 கேவி லைன் ஃபால்ட் ஆனப்ப நம்ம 59என்னும் சேர்ந்து போச்சு. எப்படி?

ஜிடியோட ரெண்டு வைண்டிங்குக்கும் நடுவுல இருக்கற கெப்பாசிட்டன்ஸ் வழியா கொஞ்சம் ஜீரோ சீக்வென்ஸ் (மூணு ஃபேஸ்லயும் ஒரே மாதிரி இருக்கற) வோல்டேஜ் இந்தப் பக்கம் வரும். சின்னதுதான், ஆனா 7 வோல்ட் செட்டிங்கைத் தொட அது போதும். லைன் ரிலே, 59என் ரெண்டோட நேரத்தையும் ஒப்பிடுங்க, ஜிபிஎஸ் சிங்க் ஆகலன்னா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. 59என் டைம் டிலே லைன் புரொடெக்ஷன் க்ளியர் பண்ற நேரத்தை விட, பேக்கப்பையும் சேர்த்து, அதிகமா இருக்கணும். யாரோ வேகமா அடிக்கட்டும்னு டிலேயைக் குறைச்சிருப்பாங்க, கிளறிப் பாருங்க.

27டிஎன், அதான் தேர்ட் ஹார்மோனிக் (150 ஹெர்ட்ஸ்) ரிலே, லோடு கம்மியா இருக்கறப்ப மட்டும் வருது?

59என் பாக்காத அந்த கடைசி 5 சதவீதத்துக்காக வெச்ச எலிமென்ட் இது. மெஷின் தானாவே கொஞ்சம் 150 ஹெர்ட்ஸ் உண்டு பண்ணும், நியூட்ரல் பக்கம் ஃபால்ட்னா என்ஜிடில அது காணாம போகும், அந்தக் காணாமப் போறதைத்தான் ரிலே பிடிக்குது. சிக்கல் என்னன்னா லோடும் பவர் ஃபேக்டரும் மாறறப்ப அதுவும் மாறும், குறைஞ்ச லோடுல நல்ல மெஷின்லயே செட்டிங்குக்குக் கீழ போயிடும். கமிஷனிங் அப்ப ஃபுல் லோடுல மட்டும் அளந்து செட் பண்ணியிருந்தா இப்படித்தான் ஆகும். நோ லோடுல இருந்து ஃபுல் லோடு வரை, லீடிங் லாகிங் ரெண்டும் அளந்து டேபிள் போட்டு, குறைஞ்சதுக்குக் கீழ செட் பண்ணுங்க, இல்லன்னா பவர் குறைஞ்சா பிளாக் ஆகற மாதிரி வைங்க.

20 ஹெர்ட்ஸ் இன்ஜெக்ஷன் உள்ள புது செட்னா இந்த ரோதனை இல்ல, மெஷின் நிக்கறப்பவே ஓம் கணக்குல சொல்லிடும். ஆனா அந்த இன்ஜெக்ஷன் பாக்ஸுக்கு சப்ளை இருக்கான்னு பாக்க மறந்துடாதீங்க.

64ஆர், ரோட்டார் எர்த் ஃபால்ட் அலாரம். இதுவும் உடனே நிறுத்தணுமா?

ஃபீல்டு சர்க்யூட் பூமியோட சேராம மிதக்குது, அதனால முதல் ஃபால்ட்ல கரண்ட் எதுவும் ஓடாது. ரெண்டாவது வந்தா வைண்டிங்ல ஒரு பகுதி ஷார்ட் ஆகும், காந்தப் புலம் ஒரு பக்கமா இழுக்கும், வைப்ரேஷன் எகிறும். அதனால அலாரம் வந்தா கெடு ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம். பெரும்பாலும் குற்றவாளி கார்பன் தூள்தான், ஸ்லிப் ரிங் பக்கம் எண்ணெய் ஆவியோட சேர்ந்து கருப்பு மாவு மாதிரி அப்பிக்கிடக்கும், சுத்தம் பண்ணினா கிலோ ஓம் தானா ஏறும். மெக்கர் போடறதா இருந்தா 500 வோல்ட், ஸ்டேட்டருக்குப் போட்ட 5 கேவியை அப்படியே இங்க கொண்டு வந்து மாட்டிடாதீங்க, தைரிஸ்டர் பிரிட்ஜையும் ரிலேவையும் பிரிச்சுட்டுதான் போடணும். நிக்கறப்ப நல்லா இருந்து ஓடறப்ப மட்டும் வந்தா சென்ட்ரிஃபியூகல் ஃபோர்ஸ்ல ஏதோ நகருது, ஸ்பீடு ஏற ஏற அளந்து பாருங்க.

எங்களது சுகர் மில் கோஜென் (மில்லுலயே கரண்ட் தயாரிக்கற பிளான்ட்), 11 கேவில ரெண்டு மெஷின் ஒரே பஸ்ல. பேரலல் பண்ணாலே நியூட்ரல் எர்த் ஃபால்ட் வருது.

ரெண்டு நியூட்ரலும் எர்த் ஆகியிருக்கும். தேர்ட் ஹார்மோனிக் ரெண்டு நியூட்ரல் வழியாவும் சுத்தி வருது, ரிலே அதை ஃபால்ட்னு நினைக்குது. நியூட்ரல் கரண்ட்டை ஹார்மோனிக் மீட்டர்ல பாருங்க, 150 ஹெர்ட்ஸ்தான் அதிகம்னா சந்தேகமே வேண்டாம். ஒரு நேரத்துல ஒரு நியூட்ரல் மட்டும் மூடியிருக்கட்டும், அந்த மெஷின் ட்ரிப் ஆனா அடுத்தது தானா மூடற இன்டர்லாக்கை டெஸ்ட் பண்ணியே வைங்க, இல்லன்னா பஸ் எர்த் இல்லாம மிதக்கும்.

ஓவர்ஹால் முடிஞ்சு ஆறு மாசம், 59என் ஒரு பிக்கப் கூட இல்ல. நல்லதுதானே?

என்ஜிடி செகண்டரில 150 ஹெர்ட்ஸ் எவ்வளவு காட்டுதுன்னு இப்பவே போய்ப் பாருங்க. ஓடற மெஷின்ல ஏதாவது கொஞ்சம் வந்தே ஆகணும். சுத்தமா பூஜ்ஜியம்னா ஓவர்ஹால்ல மெக்கருக்காகக் கழட்டின லிங்க்கைத் திரும்ப மாட்டல, போல்ட்டு வாஷரோட க்யூபிக்கிள் மூலைல துணியில சுத்திக் கிடக்கும். ஒரு தடவை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கேன்.